கன்னியப்பனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. மருத்துவ மாணவர்களுக்கு வார்டில் எப்படிப் பாடம் நடத்துவது என்று என்னையும் சேர்த்துப் புது ஆசிரியர்கள் எட்டுப் பேருக்குக் கல்லூரியில் மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். அந்த மூன்று நாளும் எனக்குத் தண்டனைதான். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டுமாம். மாணவன் தடுமாறினால் நாம் முந்திக்கொண்டு பதில் சொல்லக் கூடாதாம். அட, சரி, ஒரு தடவை சொன்னால் போதாதா? நாற்காலி நுனியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் இரண்டு தடவை முறைத்தார்.

மூன்றாம் நாள் தேர்வு. ஆளுக்கு ஒரு நோயாளி, ஐந்து மாணவர்கள், இருபது நிமிடம். கட்டிலின் கால்மாட்டில் பேராசிரியர் கிருஷ்ணசாமி நின்று படிவத்தில் மதிப்பெண் போடுவார். தேறினால் ஜூன் முதல் எனக்கென்று ஒரு மாணவர் குழு. தேறாவிட்டால் திரும்பவும் அவசரப் பிரிவு. இரண்டு வருஷம் விண்ணப்பம் போட்டுக் காத்திருந்து, 2007-இல்தான் என்னைக் கூப்பிட்டார்கள். சொல்லிக்கொடுப்பது எனக்கு உயிர். இது கைவிட்டுப் போனால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

எங்கள் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. தேர்வுக்கு வைக்கிற நோயாளியை முன்கூட்டியே தயார் செய்துவிடுவோம். காய்ச்சல் எத்தனை நாள், வலி எங்கே என்று கோர்வையாகச் சொல்லப் பழக்குவோம். இல்லாவிட்டால் அவர் மைத்துனன் வீட்டுச் சண்டையில் ஆரம்பித்து மாத்திரைக் கடையில் போய் நிற்பார், நேரம் போய்விடும். இதை யாரும் தப்பென்று நினைத்ததில்லை. நானும்தான்.

எனக்குக் கிடைத்தவர் கன்னியப்பன், வைத்திக்குப்பத்துக்காரர், கடலுக்குப் போகிறவர். ஐம்பத்தைந்து வயது. மண்ணீரல் வீங்கி, கை வைத்தாலே தட்டுப்படும். காலை எட்டு மணிக்கு ஓடிப்போய் அவரிடம் ஒப்பிக்கச் சொன்னேன்.

“காய்ச்சல் மூணு மாசம், வவுறு கனம் ரெண்டு மாசம், எடை கொறஞ்சிடுச்சி. சரியா டாக்டரம்மா?”

“சூப்பர்ணே.”

“விடியகாலைலேர்ந்து நெஞ்சுல என்னமோ அழுத்துறாப்பல இருக்குது. அதயும் சேத்துக்கவா?”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாடியைப் பிடித்தேன், ஒழுங்காகத்தான் ஓடியது. “நேத்து என்ன சாப்ட்டீங்க?”

“பரோட்டாம்மா. மவன் வாங்கியாந்தான்.”

“அப்ப கேஸ் ட்ரபிள்தான். க்ளாஸ்ல அத எடுக்காதீங்கண்ணே, புள்ளைங்க கொழம்பிடுவாங்க. முடிஞ்சதும் நானே வந்து பாக்கறேன்.”

“நீங்க சொன்னா சரிம்மா. வாயே தொறக்க மாட்டேன்.”

பத்து மணிக்கு வகுப்பு ஆரம்பித்தது. கன்னியப்பன் ஒரு சொல் பிசகாமல் சொன்னார். நான் கேள்வி கேட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கிருஷ்ணசாமி சாரின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியாக பொலின் என்ற பெண் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வந்தாள். உப்பளம் பகுதிப் பெண், எதையும் ஆற அமரச் செய்கிறவள். தொட்டாள், நின்றாள், மறுபடி தொட்டாள். சீக்கிரம், தாயே, என்று எனக்கு உள்ளுக்குள் கொதித்தது.

அவள் கையை எடுத்துத் தன் விரல்களைப் பார்த்தாள். ஈரம். குனிந்து அவரிடம் ஏதோ கேட்டாள். அவர் முணுமுணுத்தது தலைமாட்டில் நின்ற எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் கேட்டது.

“விடியகாலைலேர்ந்து நெஞ்சு வலிம்மா. க்ளாஸ்ல சொல்லக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க.”

பொலின் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சத்தமாக, “சார், இவருக்கு வேர்த்துக் கொட்டுது. நெஞ்சு வலிக்குதாம்” என்றாள்.

படிவம் எங்கே போனதோ, கிருஷ்ணசாமி சார் இரண்டு எட்டில் கட்டிலருகே வந்துவிட்டார். இ.சி.ஜி. எடுத்தோம். மாரடைப்பு, சந்தேகமே இல்லை. ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட வேண்டும். வலி தொடங்கி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று தெரியாமல் அதை முடிவு செய்ய முடியாது.

“எப்ப ஆரம்பிச்சிது வலி?” என்று கேட்டார் சார்.

கன்னியப்பன் என்னைப் பார்த்தார். “இப்பதான் சார்” என்றார்.

“நீதான மொதல்ல பாத்த?” என்று சார் பொலினிடம் திரும்பினார். “எப்ப?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “இப்பதான் சார்.” கேஸ் ஷீட்டில் வலி தொடங்கிய நேரம் பத்து இருபது என்று எழுதியும்விட்டாள்.

ஐயோ, அந்தப் பெண் என்னிடம் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. சார் என் பக்கம் திரும்பி, “நல்லா நடத்துனீங்க சுமலதா. அந்தப் பொண்ணயே கண்டுபிடிக்க விட்டீங்க பாருங்க” என்றார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஜூன் மாதக் குழு என் கையில் இருந்திருக்கும். அந்த ஆசையும் எனக்கு வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

“இப்ப இல்ல சார்” என்றேன். “விடியகாலைலயே ஆரம்பிச்சிருக்கு. எட்டு மணிக்கு எங்கிட்ட சொன்னாரு. கேஸ் ட்ரபிள்னு நெனச்சேன். க்ளாஸ்ல சொல்லாதீங்கன்னு நான்தான் சொன்னேன்.”

சார் பொலின் கையிலிருந்து ஷீட்டை வாங்கி, பத்து இருபதை அடித்துவிட்டு, விடியற்காலை என்று எழுதினார். என்னை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஸ்ட்ரெச்சரை நான்தான் தள்ளினேன். லிஃப்ட் வாசலில் கன்னியப்பன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். முகமெல்லாம் வேர்வை, மூச்சு வாங்கியது. அந்த நிலைமையிலும் மனுஷனுக்கு என் மேல்தான் கோபம்.

“ஏம்மா நீங்களே போய் சொன்னீங்க?” என்றார். “நான் செத்தாலும் உங்களக் காட்டிக் குடுத்திருக்க மாட்டனே.”