இளைத்தவர்களில் முதல் பெயர்

டிரைவர்களின் தொந்தியைக் கரைக்கச் சொல்லி விழுப்புரம் பஸ் பணிமனைக்கு மேலிடத்து உத்தரவு வந்தது. மாதம் ஒரு முறை எடை பார்ப்பார்கள்; வருடக் கடைசியில் திட்டத்தால் பலன் உண்டா என்று மதிப்பிடுவார்கள். எடை இறங்காதவனுக்கு ஸ்டியரிங் கிடையாது. தொந்தி வளர்ந்த இடத்தை மட்டும் எவரும் தொடவில்லை. திண்டிவனம் தாண்டி ஒரு ஓட்டலில் பஸ் நின்றே ஆகவேண்டும். நிறுத்துகிற டிரைவருக்குப் புரோட்டாவும் குருமாவும் இலவசம். ஓட்டல் ஒப்பந்தம் வேறு இலாகாவாம்.

எடை பார்க்க மல்லாட்டை மண்டியிலிருந்து கடலை மூட்டை நிறுக்கிற தராசு வந்தது. டிரைவர் சின்னக்கண்ணு ஏறி நின்றபோது, இன்னொரு தராசு கொண்டுவரச் சொல்லிச் சிரித்தார்களாம். அன்றைக்கு அவர் வீட்டில் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டார். அவர் மனைவி கெங்கம்மாளுக்கு வயிறு எரிந்தது. மறுநாளே சோற்றை நிறுத்திக் கேப்பைக் கூழ் கரைத்தாள். ஓட்டல் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள்.

சத்தியம் என்ன ஆனதோ, எடை மடமடவென்று இறங்கியது. சட்டை தொளதொளத்தது. மதிப்பீட்டுக்காக மாதாமாதம் எடை குறிக்க வந்த அதிகாரி சீனுவாசன் எல்லார் முன்னாலும் அவருக்கு மாலை போட்டார். அது தன் கூழுக்கு விழுந்த மாலை என்று கெங்கம்மாள் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள். பாவி, அதில்தான் ஏமாந்தாள்.

அவர் குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தார். பிரேக் மிதிக்கிற காலில் செருப்புக் கடித்த புண் ஆறவே இல்லை. கொல்லையில் அவர் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததைக் கண்டதும் அவளுக்குப் பகீரென்றது. அவளுடைய அப்பன் சர்க்கரையில் போனவர். ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று கெஞ்சினாள். சர்க்கரை என்று தெரிந்தால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள், வாயை மூடு என்றார் அவர்.

புருஷன் வசவுக்குப் பயந்தால் புருஷனே மிஞ்சமாட்டார் என்று, அடுத்த எடை நாளில் அவளே பணிமனைக்குப் போய் சீனுவாசனிடம் எறும்பையும் புண்ணையும் சொன்னாள்.

சீனுவாசன் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நமக்கு வந்த உத்தரவு எடைக்குத்தாம்மா. சர்க்கரைக்கு வேற திட்டம் வரும். இவர வச்சித்தான் என் ரிப்போர்ட்டே நிக்குது. பேஜாரு பண்ணாதம்மா."

அவளுக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. வேலை போய்விடுமே என்று எச்சிலை விழுங்கிக்கொண்டு திரும்பினாள். துப்பியே இருக்கலாம்.

புண் கறுத்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

வருடக் கடைசியில் சீனுவாசன் வீடு தேடி வந்தார். திட்டம் பெரிய வெற்றியாம், எல்லாப் பணிமனைக்கும் கொண்டுபோகப் போகிறார்களாம். அதிகம் இளைத்தவர்களில் சின்னக்கண்ணு பெயர்தான் முதலாம். கடைசி மாத எடை மட்டும் விட்டுப்போயிற்றாம். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்த பிறகும் அவர் பேனாவை மூடவில்லை.

கெங்கம்மாள் குரலை உயர்த்தவில்லை.

"கால எடுத்தப்பறம் நாங்க எடை போடலைங்க. அந்தக் காலு எவ்ளோ இருக்கும்னு நீங்களே பாத்துக் கழிச்சிக்குங்க. உங்க திட்டம் இன்னும் நல்லா ஜெயிக்கும்."

சீனுவாசன் கட்டிலில் கிடந்தவரின் மிச்சக் காலைக் கண்ணால் அளந்தார். பிறகு தோராயமாக ஒரு எண்ணை எழுதிக்கொண்டு கிளம்பினார்.