பத்து மணிக்கு லயத்தில் யார் இருப்பார்?

பதுளையில், அண்ணன் முறையில் நானா என்று நாங்கள் அழைக்கும் முஸ்தாக், மிக்ஸி, ரைஸ் குக்கர், டீவி திருத்தும் கடை வைத்திருக்கிறார். அவருடைய இணையதளத்தைச் சரிசெய்யும் வேலை எனக்கு வந்தது. அதில் அவருடைய திருத்தும் வேன் போகும் ஊர்களான வெலிமடைக்கு ஒரு பக்கம், ஹாலிஎலவுக்கு ஒரு பக்கம், மொனராகலைக்கு ஒரு பக்கம். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டால் மூன்றிலும் ஒரே எழுத்துதான். அதைப் பார்த்து ஒருவரும் அழைக்கவில்லை.

“ஹாலிஎலயில எங்க தோட்டத்துக்கு வேன் எத்தன மணிக்குப் போகுது நானா?” என்று கேட்டேன்.

“செவ்வாய்க்கிழம காலையில பத்துக்கு.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான்.

“பத்து மணிக்கு லயத்துல யாரு இருப்பா? எல்லாரும் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருப்பாங்க. பூட்டுன கதவையா திருத்தப் போறீங்க?”

நானாவைச் சம்மதிக்க வைத்து, ஹாலிஎலப் பக்கத்தை முழுதாக அழித்தேன். ‘ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வேன் தோட்டத்துக் கோயிலடியில் நிற்கும். பொருளைக் கொண்டுவாருங்கள், உங்கள் கண் முன்னாலேயே திருத்துவோம்’ என்று எழுதி, கோயில் படத்தையும் நானாவின் நம்பரையும் போட்டேன்.

அடுத்த ஞாயிறு நானா அழைத்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

“தங்கச்சி, கோயிலடியிலருந்து ரோடு வரைக்கும் வரிச! திருத்தக் கொண்டுவந்த உதிரிச் சாமான் எல்லாம் முடிஞ்சுபோச்சு!”

“நான் சொன்னேன்ல?”

அவர் மெதுவாகக் கேட்டார்.

“அப்ப வெலிமடைக்காரங்க எத்தன மணிக்கு வீட்டுல இருப்பாங்க?”

“எனக்குத் தெரியாது நானா. நாளைக்கு வேன எடுங்க, போய்க் கேட்டுட்டு வந்து எழுதுவோம்!”