துணிக்கொடி வரிசைத் தக்காளி

தீவின் மேற்கே, ரராவாய்ச் சர்க்கரை ஆலைப் பக்கம் கரும்பு போட்டுக்கொண்டிருந்தவரைக்கும் தர்மேந்திரா தன்னைப் பெரிய விவசாயி என்றே நினைத்திருந்தான். கரும்பு அப்படிப்பட்ட பயிர். நட்டுவிட்டு யங்கோனா வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்துவிட்டாலும் அது பாட்டுக்கு வளரும். வெட்டி ஆலைக்கு அனுப்பிவிட்டு மார்பைத் தட்டிக்கொள்ளலாம். நிலத்துக் குத்தகை முடிந்து, கிழக்கே நவுசோரி டவுனுக்குப் பக்கத்தில் வுனிமோனோவில் அரை ஏக்கரில் வந்து குடியேறிய பிறகுதான் தனக்கு விவசாயம் தெரியாது என்பது அவனுக்கே தெரிந்தது. கத்தரி வாடிச் செத்தது. முட்டைக்கோஸைப் புழு தின்றது. புழு விட்டுவைத்ததை வெள்ளம் கொண்டுபோனது.

அந்த நிலைமையில்தான் இரண்டாயிரமாவது வருஷத்து மே மாதம் வந்தது. துப்பாக்கிக்காரர்கள் பார்லிமென்ட்டுக்குள் புகுந்தார்கள். தலைநகர் சுவாவில் இந்தியர் கடைகள் எரிந்தன. அவன் மனைவி மோகினி ஒரு பையில் நகையையும் மகளின் துணியையும் வைத்துக் கட்டி, கதவோரம் வைத்துக்கொண்டு படுத்தாள். எண்பத்தேழு கலவரத்துக்குப் பிறகு சிட்னிக்குப் போய்விட்ட அவளுடைய தம்பி திரேன் இவர்களுக்கான விசாக் காகிதங்களை ஏற்கெனவே தயார் செய்து வைத்திருந்தான். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜனவரி கடைசியில் பள்ளிக்கூடம் திறக்கும்போது மகள் ரஜ்னீதா சிட்னி வகுப்பில் உட்கார்ந்திருப்பாள்.

வீட்டில் பேச்சு ஹிந்தி. மகளுக்குப் புரியக்கூடாத சண்டைகளுக்கு மட்டும் தமிழ். அந்த வருஷம் வுனிமோனோவில் தமிழ் நன்றாக வளர்ந்தது.

"எண்பத்தேழுலயும் எல்லாம் சரியாப் பூடும்னீங்க," என்றாள் மோகினி. "அப்ப நாம ரெண்டு பேருதான். இப்ப பொண்ணு இருக்குது."

தர்மேந்திராவிடம் இருந்ததெல்லாம் சிட்னியைப் பற்றிய பயம். அங்கே போன அவனுடைய கூட்டாளிகள் எல்லாரும் ஏதாவது ஒரு கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கோ முதுகு சரியில்லை, இங்கிலீஷ் அதைவிடச் சரியில்லை. பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு, அவன் தக்காளி என்று சொன்னான்.

ஜனவரியில் நவுசோரி மார்க்கெட்டில் தக்காளி இருக்காது. அடைமழையில் பூ அழுகிவிடும், செடி வாடிவிடும். மழைக்குக் கூரையும் பூச்சிக்குச் சுவரும் கட்டிக் கொடுத்து, செடியைத் தரையில் வைக்காமல் பையில் வைத்தால் ஜனவரியிலும் காய்க்கும் என்று ஒரு பத்திரிகையில் படம் போட்டிருந்தது. கட்டுரை பெரியது. அவன் படத்தை மட்டும் நன்றாகப் பார்த்தான்.

மோகினி வெகுநேரம் யோசித்தாள். பிறகு பந்தயம் மாதிரி ஒரு பேச்சு வைத்தாள். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை, மார்க்கெட்டில் ஒரு மேசையை அவன் நிரப்பிக் காட்ட வேண்டும். நிரப்பினால் அந்த வருஷம் சிட்னி இல்லை. நிரம்பாவிட்டால் வாயைத் திறக்காமல் விமானம் ஏற வேண்டும். இரண்டாவது பாகத்தை அவள் தமிழிலும் ஹிந்தியிலும் சொன்னாள்.

கூரைக்குக் கனத்த பிளாஸ்டிக் கிடைத்தது. சுவருக்கு, ஜன்னலில் பட்டை பட்டையாக அடுக்கித் திறந்து மூடும் லூவர் கண்ணாடி. அப்போது வாரத்துக்கு ஒரு வீடு பிரிந்துகொண்டிருந்தது. நாட்டை விட்டுப் போகிறவர்கள் கட்டிலையும் பிரிட்ஜையும் விற்றுவிட்டு, குத்தகை நிலத்தில் நின்ற வீட்டையும் பலகை பலகையாகக் கழற்றி விற்றார்கள். எல்லாரும் தகரத்துக்கு அடித்துக்கொண்டபோது தர்மேந்திரா மட்டும் ஜன்னல்களை வாங்கிவந்தான். தெற்குச் சுவர், கிளம்பிப் போன கோவிந்தசாமி வீட்டு முன்கூடத்து ஜன்னல். வடக்குச் சுவரில் பாதி, பொன்சாமி வீட்டுக் குளியலறையின் மங்கல் கண்ணாடி. அதனால் அந்தப் பக்கத்துச் செடிகள் வெளியிலிருந்து மங்கலாகவே தெரிந்தன. "மானமுள்ள தக்காளி," என்றார் பக்கத்து வீட்டு வீரசாமி. கண்ணாடித் தகடுகளைத் திறந்தால் சூடு வெளியே போகும். பூச்சி வராமலிருக்க உள்பக்கம் முழுக்க, கல்யாணத்துக்குப் பரிசாக வந்தது உட்பட, கொசுவலை.

மேலே வேலிக்கம்பி இழுத்துக் கட்டி, செடிகளைக் கயிற்றால் அதில் தொங்கவிட்டான். செடிகள் ஆள் உயரம் வளர்ந்தன, மஞ்சள் மஞ்சளாகப் பூத்தன. தர்மேந்திரா ஊரைக் கூட்டிக் காட்டினான். அடுத்த வாரம் பூவெல்லாம் உதிர்ந்தது. புதிதாகப் பூத்தது, அதுவும் உதிர்ந்தது. அப்புறம் அவன் யாரையும் கூப்பிடவில்லை.

இதற்கிடையில் மழை பிடித்துக்கொண்டது. துவைத்த துணி காயவில்லை. ஒருநாள் தக்காளி வீட்டுக்குள் போனால், கதவோரத்து வரிசையின் கம்பி நெடுகிலும் ரஜ்னீதாவின் சட்டைகளும் அவனுடைய அரைக்கால் சட்டைகளும் தொங்கின. அவனுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இது துணிக்கொடியா, இதன் மதிப்பு தெரியுமா, படத்தில் இப்படியா இருந்தது என்று கத்தினான். பூ உதிர்கிற வீட்டில் துணியாவது காயட்டுமே என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

அந்த வரிசையில்தான் காய்த்தது.

மற்ற வரிசைகளில் ஒன்றுகூட இல்லை. துணி தொங்கிய வரிசையில் மட்டும் கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய். தர்மேந்திரா அந்த வரிசைக்கு முன்னால் நின்று அறிவியல் முறைப்படி ஆராய்ந்து, துணியிலிருந்து சொட்டும் சோப்புத் தண்ணீர்தான் காரணம் என்று கண்டுபிடித்தான். ஒரு வாரம் மற்ற வரிசைகளுக்கெல்லாம் வாளி வாளியாகச் சோப்புத் தண்ணீர் ஊற்றினான். செடிகள் மிகவும் சுத்தமாக இருந்தன.

கடைசியில் மோகினி ஒரு கறுப்புப் பாவாடையோடு வந்து அதை அவன் முகத்துக்கு நேரே உதறினாள்.

"இதைப் பாருங்க. நான் துவைச்சுப் போடறேன், இந்தச் செடி மஞ்சளா மாவு கொட்டுது. துணிய இழுத்து எடுக்கறப்ப ஒவ்வொரு தபாவும் கொட்டுது."

தர்மேந்திரா பாவாடையைப் பார்த்தான். கம்பியைப் பார்த்தான். "எப்பலேர்ந்து கொட்டுது?"

"மொதல்லேர்ந்துதான்."

"சொல்லவே இல்லியே."

"நான் சொன்னதுல எதைக் கேட்டீங்க, இதைக் கேக்கறதுக்கு?"

அவன் கம்பியைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினான். பாவாடைமேல் மெல்லிசாக மஞ்சள் தூள் படிந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பூவுக்குள் தூள் உதிர்ந்தால்தான் பிஞ்சு நிற்கும். வெளியே காற்று அந்த வேலையைச் செய்கிறது. இவனோ திருடனுக்குப் பயந்து காவல் போட்டு, மாப்பிள்ளையையும் சேர்த்துத் துரத்திவிட்டிருந்தான். அவள் துணியை வெடுக்கென்று இழுக்கிற இழுப்புத்தான் அந்த ஒரு வரிசையைக் காப்பாற்றியிருக்கிறது. அதிலும் அவன்மேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகவே இழுத்திருப்பாள்.

மறுநாளிலிருந்து காலை வெயில் ஏறியதும் எல்லாக் கம்பிகளையும் விளக்குமாற்றுக் கட்டையால் தட்டினார்கள். அவன் தட்டுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. பாம்பு அடிக்கிற மாதிரி அடிக்கிறான் என்று கட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். கொஞ்ச நாளில் அவன் எழுந்து வரும்போது அவள் பாதி வீட்டைத் தட்டி முடித்திருந்தாள். பிஞ்சு பிடித்த கொத்தைக் கண்டால் இலையைத் தூக்கிப் பார்ப்பாள். அவன் வருகிற சத்தம் கேட்டதும் இலையை விட்டுவிடுவாள். திரேன் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம், ஜனவரியில் சொல்கிறேன் என்றாள். தம்பி ரஜ்னீதாவுக்குப் பள்ளிக்கூடச் சட்டை அளவு கேட்டான். அதை மட்டும் அளந்து சொன்னாள்.

ஆனால் தக்காளிக்கு அவசரம் தெரியாது. பிந்திப் பிடித்த காய்கள் பிந்தித்தான் பழுக்கும். அந்தச் சனிக்கிழமை விடிந்தபோது பழுத்திருந்தது துணிக்கொடி வரிசை மட்டும்தான். மற்றதெல்லாம் கல்லு மாதிரி பச்சை. தர்மேந்திரா பறித்துப் பெட்டியில் அடுக்கினான். பெட்டியைத் தூக்கும்போதே கணக்குத் தெரிந்துவிட்டது.

நவுசோரி மார்க்கெட்டில் எடை போட்டு விற்பதில்லை. கூறு கட்டித்தான் வைப்பார்கள். அவன் கூறுக்கு ஐந்து பழமாக, நான்கின் மேல் ஒன்று அமர, அழகாகக் கட்டினான். முடித்து நிமிர்ந்து பார்த்தால் பாதி மேசை சிவப்பு. மிச்சப் பாதி, மேசை. பக்கத்து மேசையில் தாலோ என்கிற சேப்பங்கிழங்கு விற்கும் பூர்வகுடிப் பெண் மேரெ எட்டிப் பார்த்து, ஜனவரியில் தக்காளியா என்று நல்ல ஹிந்தியில் ஆச்சரியப்பட்டாள்.

"பாதிதான்," என்றான் தர்மேந்திரா மோகினியிடம். தமிழில்தான் சொன்னான். "பேச்சு பேச்சுதான். ராத்திரி திரேன்கிட்ட வர்றோம்னு சொல்லிடு."

மோகினி அவன் கட்டிய கூறுகளைக் கலைத்தாள். மூன்று மூன்றாகப் பிரித்து, நடுவில் நல்ல இடைவெளி விட்டுப் பரப்பிக்கொண்டே போனாள். அப்படியும் ஒரு மூலை காலியாக நின்றது. அவள் மேரெயிடம் திரும்பி, உன் மேசையில் நெருக்கமாக இருக்கிறதே, ஒரு கட்டு தாலோவை இங்கே வைத்துக்கொள்ளேன் என்றாள். மேரெ காரணம் கேட்காமல் இரண்டு கட்டாகவே தள்ளிவிட்டாள். மூலை மறைந்தது.

"மேசை ரொம்பிடுச்சு," என்றாள் மோகினி.

"அது தாலோ."

"ரொம்பணும்னுதானே பேச்சு." அவள் ஒரு பழத்தை முந்தானையால் துடைத்து வைத்தாள். "எனக்கு பயம் போய்டல. கதவாண்ட பை அப்பிடியேதான் இருக்கும். ஒரு வருஷம் பாக்கலாம். திரேனுக்கு நான் போன் பண்றேன், நீங்க பேசினா அழுவீங்க."

அழ மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவன், காகிதப் பை தேடுகிற சாக்கில் மேசைக்கு அடியில் குனிந்தான். பை கையிலேயே இருந்தது. இருந்தும் கொஞ்ச நேரம் அங்கேயே தேடிக்கொண்டிருந்தான். மேலே முதல் ஆள் வந்து கூறு என்ன விலை என்று கேட்டது காதில் விழுந்தது. மோகினி சொன்ன விலையில், அடியில் இருந்தவனுக்கே தூக்கிவாரிப்போட்டு, தலை மேசையில் இடித்தது.

வந்தவர் இரண்டு கூறு வாங்கினார்.