இரண்டு பூட்டுக் கடை

அந்த மோட்டார் ரிப்பேர் கடையின் ஷட்டருக்கு இரண்டு பூட்டு. இடது பூட்டின் சாவி அப்பாவிடம் இருக்கும், வலது பூட்டின் சாவி பெரியப்பாவிடம். ஒருவர் வராமல் மற்றவர் கடை திறக்க முடியாது. கூட்டாகக் கடை வைத்த புதிதில் யாரோ விளையாட்டாகச் சொன்ன யோசனை, நாளடைவில் சட்டமாகிவிட்டது. "நம்பிக்கை இல்லாமலா ரெண்டு பூட்டு?" என்று கேட்டால் பெரியப்பா, "இவன் சரியான தூங்குமூஞ்சி. பூட்டு இல்லேன்னா மத்தியானம்தான் வருவான்" என்பார். அப்பாவும் அவரைப் பற்றி அதையேதான் சொல்வார்.

அவர் சொந்தப் பெரியப்பா இல்லை. அப்பாவின் கூட்டாளி, வயதில் மூத்தவர். மகள் பேசப் பழகிய நாளிலிருந்தே அவளுக்கு அவர் பெரியப்பா.

அப்பா இறந்தபின் கடையை மறுபடி திறந்த அன்று, அம்மா இடது சாவியை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள். பூட்டைத் திறந்தாள். திரும்பி வந்தாள். சாயங்காலம் போய்ப் பூட்டினாள். அதிலிருந்து தினமும் அப்படித்தான். காய்ச்சலில் கிடந்தபோதுகூட மகளை அனுப்பவில்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு தானே போனாள்.

பெரியப்பா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் இறந்தவர் பங்கு என்ன ஆயிற்று என்று வங்கி கேட்டது. மோட்டாருக்குச் சுற்றும் கம்பி தருகிற வியாபாரியும் கேட்டார்; அது தீரும்வரை கடனுக்குக் கம்பி இல்லை என்றார். கூட்டாளிகளில் ஒருவர் போய்விட்டால் பழைய கூட்டு அப்படியே ஓட முடியாது. அவர் பங்கைக் கணக்குப் பார்த்து வீட்டாருக்குக் கொடுத்துவிட்டு, புதிதாகக் கூட்டு எழுத வேண்டும். பெரியப்பாவின் மருமகன் கடைக்கு வரத் தயாராக இருந்தார். அம்மாவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"அவர் கணக்கை மூடணும்கிறீங்க. அதானே அண்ணே?" என்றாள் அம்மா. "இவ காலேஜுல அதைத்தானே படிக்கிறா? மூடாம விட வழி இருக்கா இல்லையான்னு படிச்சுட்டு வந்து இவ சொல்லட்டும். இவ சொன்னா கேட்டுக்கறேன்."

பெரியப்பா தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். இதற்குச் சம்மதமா என்று மகளை யாரும் கேட்கவில்லை.

பள்ளியில் அவள் படித்தது அறிவியல். வணிகவியலில் சேரச் சொன்னது அப்பாதான். "நாங்க ரெண்டு பேரும் மோட்டாருக்குக் கம்பி சுத்தறவங்க. வருஷக் கடைசியில கணக்கு எங்களைச் சுத்திடுது. வீட்டுல ஒருத்தருக்காவது அது தெரிஞ்சா தேவலை." முதல் வாரத்தில் பற்று எது வரவு எது என்று புரியாமல் அவள் அழுதபோது, "மோட்டார்ல கரண்ட் உள்ள வர்ற முனை ஒண்ணு, வெளிய போற முனை ஒண்ணு. மாத்திக் கொடுத்தா உல்ட்டாவா ஓடும். அவ்வளவுதானே?" என்றார். அவர் சொன்னது மின்சாரப் பாடப்படி முழுக்கச் சரியில்லை. அவள் திருத்தவில்லை.

கணக்கியல் சாருக்கு மாணவர்கள் வைத்த பெயர் இரட்டைக்கோடு. கணக்கை முடித்துக் கூட்டுத்தொகைக்குக் கீழே இரண்டு கோடு போடாவிட்டால், விடை சரியாக இருந்தாலும் மதிப்பெண் தர மாட்டார். அன்று வந்ததும் வராததுமாகப் பலகையில் 'கூட்டாளி இறப்பு' என்று எழுதினார். பாடப் புத்தகத்தில் கூட்டாளிகளுக்குப் பெயர் இல்லை. அ, ஆ, இ. இறந்தது அ.

"எப்பப் பாத்தாலும் அ-தான் சார் சாகறான். ஒரு தடவையாச்சும் இ-யைச் சாக விடுங்க" என்றான் பின் பெஞ்சில் ஒருவன்.

"அ-வுக்குத்தான்டா பங்கு ஜாஸ்தி. ஆ ஏதோ வேலை பண்ணியிருக்கான்" என்றான் இன்னொருவன்.

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். அவளும் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த தோழி, தடிமனான கண்ணாடியால் எல்லோரும் சோடாபுட்டி என்று கூப்பிடுகிறவள், பெஞ்சுக்கு அடியில் அவள் விரலைப் பிடித்தாள்.

சாருக்கு விஷயம் தெரியாது. "நீ வாம்மா, வந்து போடு" என்று சாக்பீஸை நீட்டினார்.

அவள் போட்டாள். அ போட்ட மூலதனம் வரவில். இறந்த நாள்வரை லாபத்தில் அவன் பங்கு வரவில். நற்பெயரில் அவன் பங்கும் வரவில். அவன் எடுத்துக்கொண்டது பற்றில். எங்கும் தடங்கல் இல்லை. கடைசியில் மிஞ்சிய தொகைக்கு எதிரே 'இருப்பு' என்று எழுதி, அதை அடுத்த ஆண்டின் தொடக்கத்துக்குக் கொண்டுபோனாள்.

"எல்லாம் சரியாப் போட்டுக் கடைசியில கவுத்துட்டியே" என்றார் சார். "அ-தான் போய்ட்டானே. அடுத்த வருஷத்துக்கு யாரைக் கூட்டிட்டுப் போற? மீதி அவன் வீட்டாளுங்க பேருக்குப் போகணும். இந்தக் கணக்குல ஒண்ணும் மிஞ்சக் கூடாது." உள்ளங்கையால் அந்த வரியைத் துடைத்தார். "இத்தனை வருஷத்துல இந்தத் தப்பை யாரும் செஞ்சு நான் பாத்ததில்ல. வழக்கமா எல்லாரும் உயிரோட இருக்கிறவன் கணக்கைத்தான் தப்பா மூடித் தொலைப்பாங்க."

"மூடாம விட ஏதாச்சும் வழி இருக்கா சார்?"

மறுபடி சிரிப்பு. சார் மட்டும் இம்முறை சிரிக்கவில்லை. அவளையே பார்த்தார்.

"இல்லம்மா" என்றார். "கோடு போட்டுட்டு வந்து உக்காரு."

வீட்டுக்குத் திரும்பும்போது சோடாபுட்டி சொன்னாள்: "அந்தப் பாடம் இன்னும் வரலைன்னு சொல்லிடேன். பரீட்சை வரைக்கும் ஓட்டலாம். உங்கம்மாவுக்கு என்ன தெரியப் போகுது?"

அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். தெருமுனையில், கடையிலிருந்து ஒருவர் கம்பி இல்லாததால் சரிசெய்யாத தன் பம்பு மோட்டாரை அப்படியே தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தாள். உள்ளே பெரியப்பா கருகிப்போன பழைய சுருளைப் பிரித்து, எங்காவது நல்ல கம்பி தேறுமா என்று நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு. டீ குடிக்கிறியா?"

வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பாள்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது.

"வந்துடுச்சா, அந்தப் பாடம்?"

"வந்துடுச்சும்மா."

"வழி?"

"இல்லம்மா."

அம்மா கையிலிருந்த துண்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். "அப்போ அவர் பேரை அழிச்சுடுவாங்களா?"

"இல்லம்மா. கணக்குல எதையும் அழிக்கக் கூடாது. பேர் அந்தப் பக்கத்துல அப்படியேதான் இருக்கும். கீழ கோடு போட்டு மூடுவாங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா காகிதங்களோடும் கடைப் பேரேட்டோடும் வந்தார். "ஆடிட்டர் எல்லாம் போட்டுக் கொடுத்துட்டாரு. பேரேட்டுல நீயே ஏத்திடு கண்ணு. உங்கப்பன் கணக்கை வேற எவனோ எழுத வேணாம்."

அவள் எழுதினாள். அம்மா எட்டிப் பார்த்து ஒரு வரியில் விரல் வைத்தாள். "இதென்ன, நற்பெயர்?"

"ஊர்ல கடைக்கு இருக்கிற நல்ல பேரும்மா. அதுக்கும் ஒரு தொகை போடுவாங்க. அதுல அப்பாவுக்குப் பாதி."

"பாதிதானா?"

"முக்கால்வாசி அவனோடதுதான் தங்கச்சி" என்றார் பெரியப்பா. "என் வாய்க்கு எவன் வந்தான் கடைக்கு?" சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

கடைசி வரியில் மீதி அம்மா பெயருக்குப் போனது. கோடு போட வேண்டும். அவள் வைத்த அடிக்கோல் நழுவியது. அம்மா குனிந்து, இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்தாள்.

"போடு."

ஒரு கோடு போட்டாள். அம்மா அடிக்கோலைக் கொஞ்சம் கீழே நகர்த்தினாள். "ரெண்டாவதையும் போடு."

பிறகு அம்மா கையெழுத்துப் போட்டாள். சாவியை எடுத்து வந்து காகிதங்களின் மேல் வைத்தாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் தங்கச்சி."

"வேணாம் அண்ணே. மருமகன்கிட்ட கொடுத்துடுங்க. வேலைக்கு வர்றவர் சாவி இல்லாம என்ன பண்ணுவார்?"

மறுநாள் காலை அம்மா வழக்கம்போல முகம் கழுவி, தலை வாரி, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கேயே நின்றாள். தெருமுனையிலிருந்து ஷட்டர் ஏறும் சத்தம் கடகடவென்று கேட்டது.

"தொறந்துட்டாங்க" என்றாள் அம்மா.

செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் உட்கார்ந்தாள். கல்லூரிக்குக் கிளம்பியிருந்தவள் பையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.