எட்டுத் துண்டு

என் கத்தரிக்கோலைத் துணி தவிர வேறு எதற்காவது யாராவது எடுத்தால் எனக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வரும். காகிதம் வெட்டினால்கூட முனை மழுங்கிவிடும். இருபத்தாறு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அப்படிப்பட்ட நான்தான் ஐந்து மாதமாக நூல் வெட்டும் சின்னக் கத்தரியால் என் வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் பஸ் டிரைவர். நாக்கில் கட்டி வந்து பாதி நாக்கை எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்து வந்ததே பெரிய புண்ணியம். அதற்காக நான் கும்பிடாத சாமி இல்லை. ஆனால் வாயில் போட்டதை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தள்ள அவரால் முடியாது. ஈரமாக, பொடிப்பொடியாக வெட்டினால்தான் இறங்கும். பேச்சும் குழறும். அதனால் மனிதர் சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவார். நான்கூடப் பார்க்கக் கூடாது.

அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். "விருந்துல நான் உக்கார மாட்டேன். யாரும் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டார்.  மறுநாள் மகளின் தலையணை உறையை மாற்றப் போனேன். ஈரமாக இருந்தது.

அவளே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். "சீன ஹோட்டல் ஒண்ணு இருக்குப்பா. டிம்சம்னு எல்லாம் ஆவில வேகவச்சது, மெத்துன்னு இருக்கும். பிடிக்கலன்னா எழுந்து வந்துடலாம்." மகளுக்காக அரை மனதோடு கிளம்பினார்.

ஞாயிறு பதினொரு மணிக்கு அந்தக் கூடம் சந்தைக்கடையாக இருந்தது. மேசைகளுக்கு நடுவே தள்ளுவண்டிகள், வண்டி நிறைய மூங்கில் கூடைகள். கைகாட்டினால் நிறுத்திக் கொடுக்கிறார்கள். அவர் தேடிப் பிடித்துச் சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதலில் இறால் வைத்த கொழுக்கட்டை வந்தது. மெல்லிய தோலுக்குள் இறாலின் சிவப்பு தெரிந்தது. நான் மடிப்பை எண்ணினேன். பத்து, எல்லாம் ஒரே அளவு. என்னிடம் வேலை செய்பவள் பாவாடைக்கு இப்படி ஒரு கொசுவம் பிடித்தால் அவளுக்குக் கோயில் கட்டுவேன்.

கைப்பையிலிருந்து சின்னக் கத்தரியை மெதுவாக எடுத்து அவர் தட்டைப் பக்கத்தில் இழுத்தேன். பார்த்துவிட்டார். பக்கத்து மேசைக்காரரும் பார்த்தார்.

"பால் புட்டியும் கொண்டாந்திருக்கியா?" என்று குழறிக்கொண்டே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அப்பா, உக்காருங்கப்பா..."

எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. "நான் வெட்டாம, உங்களுக்கு வேற யாரு வந்து வெட்டிக் குடுப்பா?"

வந்தாள். அறுபது வயதிருக்கும், குள்ளமான அம்மா. எங்கள் மேசையருகே வண்டியை நிறுத்தி, வெள்ளை வெளேரென்று அரிசி மாவுச் சுருள் ஒரு தட்டு வைத்தாள். இடுப்புத் துணியின் பையிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். சரக் சரக்கென்று சுருளை நறுக்கி, மேலே சோயா சாஸை ஊற்றினாள். சாப்பாட்டில் இத்தனை பெரிய கத்தரியா! நான் வாயைப் பிளந்தேன்.

அடுத்து பக்கத்து மேசைக்குப் போனாள். அங்கே மல்யுத்த வீரன்போல் கழுத்துள்ள ஒருவர். அவருக்கும் சரக் சரக். அதற்கடுத்த மேசைக்கும் அப்படியே. வெட்டியதை ஒருவரும் அவமானமாக நினைக்கவில்லை. பேச்சைக்கூட நிறுத்தாமல் சாப்பிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் நாற்காலியைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தத் தடியனுக்குமா?"

"எல்லாருக்கும்தாம்பா. இங்க அப்படித்தான் குடுப்பாங்க."

"அப்போ எல்லாரும் நம்ம கட்சிதான்" என்று உட்கார்ந்தார். ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். நானும் மகளும் மூச்சு விடவில்லை. இறங்கியது. சாஸ் மோவாயில் வழிந்தது. துடைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

அப்போதுதான் என் கண் தட்டில் நின்றது. பக்கத்து மேசையில் ஒரு சுருளுக்கு நாலு துண்டு. எங்கள் மேசையில் எட்டு. வேறு எதில் தப்பினாலும் அளவில் என் கண் தப்பாது. தட்டருகே கிடந்த என் சின்னக் கத்தரியை அந்தம்மா பார்த்திருக்கிறாள். அவர் முகத்தை ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் பாதியாக்கிவிட்டுப் போயிருக்கிறாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

எழுந்து அவளிடம் போனேன். அவள் மொழி எனக்குத் தெரியாது. ஆனால் அவள் கத்தரி ஒவ்வொரு வெட்டுக்கும் கிறீச்சிட்டதைக் கேட்டிருந்தேன், திருகாணி தளர்ந்திருக்கிறது. கையை நீட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தாள். பையிலிருந்த தையல் மிஷின் திருப்புளியால் கால் சுற்று முடுக்கித் திருப்பிக் கொடுத்தேன். காற்றில் இரண்டு தடவை வெட்டிப் பார்த்தாள். சத்தமே இல்லை. வாய் நிறையச் சிரித்தாள். "ரொம்ப நன்றிம்மா" என்றேன். அவளும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

திரும்பி வந்தால் தட்டு காலி. மகள் ஒன்றுகூடத் தொடவில்லையாம்.

"அந்தம்மாவக் கூப்பிடு" என்றார். நான் திரும்பி அவளைத் தேடுவதற்குள் மனிதர் நாற்காலியைக் கூடத்தின் பக்கம் திருப்பிப் போட்டுக் கையைத் தூக்கினார்.

"அம்மா! இங்க இன்னொண்ணு!"

குழறல்தான். மூன்று மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையை இறக்கவில்லை. வண்டி எங்களைப் பார்த்துத் திரும்பியது.

"கல்யாணத்துல எல்லாருக்கும் இப்படியே வெட்டிப் போடச் சொல்லு. நானும் உக்கார்றேன்" என்றார் மகளிடம்.

"அத்தனை பேருக்கும் வெட்டக் கத்திரிக்கு எங்கப்பா போறது?" என்று அழுகையும் சிரிப்புமாகக் கேட்டாள்.

"கடையில இருக்கிற என் பெரிய கத்திரியை எடுத்துக்கோ" என்றேன்.