சின்னக் குழிகள்

எங்கள் ஊர் சமுதாயக் கல்லூரியில் செவ்வாய்க்கிழமை மாலையில் நடந்த ஒரே பாடம் மானுடவியல். நர்சிங் படிப்பில் சேர எனக்கு அப்படி ஏதாவது ஒரு பாடம் தேவைப்பட்டது. பகலெல்லாம் தீவனக் கடையில் மூட்டை தூக்குகிறவளுக்கு வேறு நேரம் ஒத்துவராது. ராணுவத்திலிருந்து திரும்பிய லாயல், படிப்புச் செலவை அரசாங்கம் கொடுக்கிறதே என்று வந்தான். மற்றவர்கள் பள்ளி முடித்துவிட்டு நேராக வந்த பிள்ளைகள். வெர்னா எதற்கு வந்தார் என்றுதான் யாருக்கும் புரியவில்லை. அறுபதைத் தாண்டியவர். வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். வகுப்பில் பாதிப் பேரை அவர்தான் ஏற்றி இறக்கியிருக்கிறார்.

"பஸ்ஸைப் பிடுங்கிட்டாங்க. வீட்ல இருந்தா டி.வி.யோடதான் சண்டை போடணும். அதான் வந்தேன்" என்றார் முதல் நாள்.

"இங்கயும் சத்தம் போட்டா இறக்கி விட்டுருவீங்களா?" என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன்.

"உன்ன ரெண்டு தடவ சோளக் காட்டு ஓரத்துல இறக்கி விட்டிருக்கேன். மறந்துட்டியா?"

வகுப்பே சிரித்தது.

ஆசிரியை கிரெட்சன் மூன்று ஊர்க் கல்லூரிகளுக்கு மாறி மாறி ஓடிப் பாடம் நடத்தியவர். காரின் பின்சீட்டில் எப்போதும் பிளாஸ்டிக் மண்டை ஓடுகள் கிடக்கும். ஒருமுறை வேகமாகப் போனதற்காகக் கையைக் காட்டி நிறுத்திய போலீஸ்காரர், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அபராதத்தையே மறந்துவிட்டாராம்.

எலும்புப் பாடம் வந்த வாரம் ஒரு குழந்தையின் தாடையைக் கையில் கொடுத்தார். பால் பற்களுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. "இது வந்திருந்தா ஆறு வயசுன்னு வச்சுக்கலாம்" என்றார். தாடை கை மாறி மாறி வந்து வெர்னாவிடம் நின்றுவிட்டது. அவர் அந்தப் பல்லைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"பட்டினி கிடந்தானா இல்லையான்னு பல்லப் பார்த்துத் தெரியுமா?"

"சில சமயம் தெரியும். நோயோ பட்டினியோ, பல் வளர்றது நின்னு நின்னு வளரும். அங்கங்க கோடு விழும்."

வெர்னா தாடையை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். அன்று திரும்பி வரவில்லை.

வசந்தத்தில் அகழாய்வுப் பாடம். ஊருக்கு வடக்கே மேட்டில் அந்தக் காலத்தில் ஒரு விடுதி இருந்தது. பள்ளிக்கூடம் என்றுதான் பெயர். வலிப்பு வந்த பிள்ளைகளையும் பேச்சு வராத பிள்ளைகளையும் பெற்றவர்களே கொண்டுபோய் விட்ட இடம். நாங்கள் சின்ன வயதில் அடம்பிடித்தால், "மேட்டுக்கு அனுப்பிருவேன்" என்பார்கள்; உடனே வாய் மூடும். மூடிக் கிடந்த கட்டடத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். இப்போது அந்த வழியாகச் சாலை வரப்போகிறது. அங்கே இறந்தவர்களைப் புதைத்த இடத்தின் எல்லை எது என்று யாருக்கும் தெரியவில்லை. புல் வெட்டும் வண்டிக்கு இடைஞ்சல் என்று, எண் மட்டும் போட்டு நட்டிருந்த கற்களையும் ஒரு காலத்தில் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். மேல்மண்ணைச் சுரண்டி, குழிகள் எதுவரை போகின்றன என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. எதையும் திறக்கக் கூடாது.

முதல் நாள் வெர்னாவின் வண்டியில்தான் போனேன். மேடு கண்ணில் பட்டதும் அவர் ஓரங்கட்டி நிறுத்தினார்.

"மார்லா, உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். கிரெட்சனுக்குத் தெரிஞ்சா என்னைச் சேர்த்துக்க மாட்டாளோன்னு பயம். எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். இங்கதான் இருக்கான்."

நான் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"நான் பொறக்குறதுக்கு முன்னாடியே செத்துட்டான். இருந்தான்னே எனக்குத் தெரியாது. போன குளிர்காலம் அம்மா முதியோர் இல்லத்துல கிடந்தாங்கல்ல? ஓயாம ஒரே கேள்வி. 'ராய்ஸுக்குச் சாப்பாடு போட்டாங்களா?' நான் நாய்ன்னு நினைச்சேன், மார்லா. அந்தக் காலத்துல வளர்த்த நாயாக்கும்னு. 'போட்டாச்சும்மா, வயிறு நெறையத் தின்னுட்டுத் தூங்குது'ன்னு சொல்லிட்டே இருந்தேன். தூங்குதுன்னு."

ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அம்மாவின் அடக்கத்தன்றுதான் சித்தி விஷயத்தைச் சொன்னாராம். ராய்ஸுக்கு வலிப்பு. நாலு வயதில் கொண்டுபோய் விட்டார்கள். ஆறு வயதில் ஜனவரியில் இறந்தான்.

"தகவல் வந்தப்ப ரோடெல்லாம் பனியாம். யாரும் போகல. சரி, பனி உருகினப்புறமும் போகலையே?"

இயந்திரம் மேல்மண்ணை வழித்தது. நாங்கள் மண்டியிட்டுக் கரணையால் சீவினோம். மஞ்சள் மண்ணில் கறுத்த கட்டங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. தோண்டி மூடிய மண் எத்தனை வருடம் ஆனாலும் பழைய நிறத்துக்குத் திரும்பாது. வரிசை வரிசையாக வந்துகொண்டே இருந்தன. சாலைக்குக் கல் நட்டிருந்த இடத்தையும் தாண்டிப் போயின. பெரிய கட்டங்களுக்கு நடுவே சின்னக் கட்டங்கள்.

லாயல் ஒன்றைச் சீவிவிட்டு எழுந்தான். "இது ரொம்பச் சின்னதா இருக்கே. நாய் கீய் பொதச்சிருப்பாங்க."

"இல்லப்பா" என்றார் வெர்னா. "நானும் அப்படித்தான் நினைச்சேன்."

அவனுக்குப் புரியவில்லை. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நாய்க்கு யாரும் நாலு மூலை பார்த்துக் குழி வெட்ட மாட்டாங்க, லாயல்" என்றார் கிரெட்சன், வந்து குனிந்து பார்த்து. நிமிர்ந்தபோது வெர்னாவின் முகத்தைக் கண்டார். கரணையைக் கீழே போட்டுவிட்டு அவர் தோளைப் பிடித்து வண்டிப் பக்கம் அழைத்துப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து என்னையும் அங்கே கூப்பிட்டார்கள். வெர்னா எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார்.

"திறந்து பார்த்தா பல்ல வச்சுச் சொல்லிருவீங்கல்ல?"

"வயசைச் சொல்லலாம், வெர்னா. பேரச் சொல்ல முடியாது."

"என் ரத்தத்த எடுத்துக்கோங்க. இப்பல்லாம் அதை வச்சுக் கண்டுபிடிக்கிறாங்களே."

"கண்டுபிடிக்கலாம். ஆனா அதுக்கு எல்லாச் சின்னக் குழியையும் திறக்கணும். மத்ததெல்லாம் வேற யாரோ வீட்டுப் பிள்ளைங்க. அவங்களக் கேக்காம முடியாது. அவங்க யாருன்னே நமக்குத் தெரியாதே."

"கேட்டுப் பாருங்களேன்."

கிரெட்சன் கேட்டார். மேலதிகாரிகளிடம் நேரில் போயும் கேட்டார். முடியாது என்று பதில் வந்தது. வெர்னாவும் தன் பங்குக்கு நடையாக நடந்தார். விடுதியின் பழைய ஆவணங்களைக் காட்டக்கூட மறுத்துவிட்டார்கள், நோயாளிகளின் அந்தரங்கமாம். "செத்து இத்தனை வருஷம் ஆனவனுக்கு என்ன அந்தரங்கம்?" என்று அந்த அலுவலக ஜன்னலில் கத்தியதாகச் சொன்னார்.

குழிகளைத் திரும்ப மூடிய அன்று தூறல். குழிகளின் அடையாளம் கலையாமலிருக்கத் துணி விரித்து அதன்மேல் மண்ணைத் தள்ளினோம். சின்னக் கட்டங்களுக்கு வேறு யாரையும் விடவில்லை வெர்னா. ஒவ்வொன்றுக்கும் தானே போய் நின்று மண்வெட்டியால் மெதுவாகப் போட்டார். பிள்ளைகள் சூப்பு பிளாஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். விஷயம் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. லாயல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றான்.

"வெர்னா, அன்னிக்கு நான் சொன்னது..."

"போடா, போய் மண்ணத் தள்ளு" என்றார் அவர். பிறகு, "தொப்பியப் போட்டுக்கோ, நனையுது" என்றார்.

அதற்குப் பிறகு வெர்னா வகுப்புக்கு வரவில்லை. தேர்வும் எழுதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். சமையலறையில் உட்கார்ந்திருந்தார். காப்பி ஊற்றிக் கொடுத்தார், தான் குடிக்கவில்லை.

"ஏன் விட்டுட்டீங்க? கிரெட்சன் உங்களத்தான் கேட்டுட்டே இருக்காங்க."

"படிச்சிருக்கவே கூடாது, மார்லா. முன்னாடி அவன் வெறும் பேரு. இப்ப அவன் பல்லு எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியுது. எந்தப் பல்லு ஆடிட்டு இருந்திருக்கும், எது முளைச்சிட்டு இருந்திருக்கும், எல்லாம் தெரியுது. கண்ண மூடினா வாயத் தொறந்து காட்டுறான். மொகம் மட்டும் வரமாட்டேங்குது. ஒரு போட்டோகூட வச்சுக்கலையே எங்கம்மா."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சாலையைக் கொஞ்சம் வளைத்துப் போட்டார்கள். மேட்டைச் சுற்றி வேலி வந்தது. பெயர் எதுவும் இல்லாமல் ஒரு கல்லும் வைத்தார்கள். அடுத்த பருவத்தில் போதுமான ஆள் சேரவில்லை என்று கல்லூரி அந்தப் பாடத்தையே நிறுத்திவிட்டது. கிரெட்சன் எரிவாயுக் குழாய் பதிக்கிற இடங்களில் மண்ணுக்கடியில் பழைய தடயம் உண்டா என்று பார்க்கும் வேலை கிடைத்து மேற்கே போய்விட்டார்.

இலையுதிர் காலத்தில் வெர்னாவும் வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவில் இருக்கும் மகளிடம் கிளம்பினார். பெட்டிகளை ஏற்ற லாயலும் நானும் போயிருந்தோம். எல்லாம் ஏற்றி முடிந்ததும், "போறதுக்கு முன்னாடி ஒரு தடவ மேட்டுக்குப் போயிட்டு வரலாமா? நான் கூட்டிட்டுப் போறேன்" என்று கேட்டேன்.

வெர்னா வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எந்தக் குழிகிட்டப் போய் நிக்கிறது, மார்லா?" என்றார்.

எங்கள் இருவரையும் கட்டிப்பிடித்துவிட்டு வண்டியில் ஏறினார். கண்ணாடியைச் சரிசெய்தார், பின்னால் பார்த்தார், திரும்புவதற்கான விளக்கைப் போட்டார். பிறகு தெற்குச் சாலையில் திருப்பினார்.