கிடைக்கக் கூடாத வண்டிக்கு ஒரு மனு

1

இந்தக் கதை முதலில் ஒரு மனுவாக இருந்தது. அதையும் நான் உருப்படியாக எழுதவில்லை. இப்போதே சொல்லிவிட்டேன், பிறகு என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது.

வடசேரியில் எனக்குப் பக்கத்து வீடு நேசபாய். அவள் மகன் டெனிஷ் அஞ்சுகிராமம் ரோட்டில் பைக் ரேஸ் விட்டு மாட்டினான். இப்போதெல்லாம் அபராதத்தோடு விடுவதில்லை, வண்டியையே பறிமுதல் செய்துவிடுகிறார்கள். ஆர்.சி. நேசபாய் பேரில் இருப்பதால் திருப்பிக் கேட்டு அவள்தான் மனு கொடுக்க வேண்டும்.

"அண்ணாச்சி, நீரு கதையெல்லாம் எழுதுறவருல்லா? ஒரு மனு எழுதித் தாரும்" என்றாள். வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வண்டி கிடைக்கப்பிடாது. ஆனா டெனிஷ் வாசிச்சா, அம்மை எனக்காவ கெஞ்சியிருக்கான்னு நம்பணும்."

(இங்கே மழையை வர்ணிக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தவனுக்கு மழையா கண்ணில் படும்?)

2

"ஐயா, என் மகன் ஒன்றும் அறியாத பிள்ளை..."

இருபத்தொரு வயசில் அறியாத பிள்ளையா! வரியை அடித்துவிட்டேன்.

"ஐயா, இந்த வண்டி இல்லாவிட்டால் எங்கள் குடும்பம்..."

இது நன்றாக இருந்தது. அதுதான் வினை. நன்றாக இருந்தால் வண்டியைக் கொடுத்துத் தொலைப்பார்களே!

3

நேசபாய்க்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. டெனிஷின் கூட்டாளி ஜெபிஷ் அதே ரோட்டில் ரேஸ் விட்டு விழுந்து, பதினெட்டு நாளாகக் கண் திறக்காமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். மூன்று நாளுக்கு முன் பார்க்கப் போனவள் ஜெபிஷின் அம்மை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'நல்ல வேளை, எனக்க பிள்ளை இல்ல' என்று மனசு சொன்னது. அந்த நினைப்புக்காக அவள் மேல் அவளுக்கே வெறுப்பு வந்தது. புதுவண்டிச் சாவியை ஜெபம் பண்ணி டெனிஷ் கையில் கொடுத்தவளும் அவள்தானே.

அவனுக்கோ வீட்டில் ஒரே பேச்சு. "மனு குடுத்தியாம்மா?"

4

சப்பென்று ஒரு பக்கம் எழுதினேன். வண்டி நம்பரைக்கூட வேண்டுமென்றே தப்பாகப் போட்டேன். ஆனால் எழுதுகிறவன் கை சும்மா இருக்குமா? கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: "சாவியை ஜெபம் பண்ணிக் கொடுத்தவள் நான். தண்டிப்பதென்றால் என்னைத் தண்டியுங்கள்."

டெனிஷ் நம்ப வேண்டுமே என்று சேர்த்தேன். (பொய். நன்றாக இருந்தது, அதனால் சேர்த்தேன்.)

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டதாம். நம்பரை அவரே திருத்தி, வண்டியை விட்டுவிட்டார்.

5

முடிவு ஒன்று: டெனிஷ் திருந்திவிடுகிறான். எனக்கே நம்பிக்கை இல்லை.

முடிவு இரண்டு: நேசபாய் சாவியைக் கிணற்றில் போட, அவன் ஆத்திரத்தில்...

வேண்டாம்.

நடந்தது வரைக்கும் சொல்கிறேன். வண்டி முற்றத்தில் நிற்கிறது. சாவி நேசபாயின் கைக்குள் இருக்கிறது. டெனிஷ் மனுவின் நகலை வாசித்து அழுதிருக்கிறான். "எனக்காவ இப்பிடிக் கெஞ்சினியாம்மா?" என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். அவள் அவனைப் பார்க்காமல், ஜன்னலில் நிற்கும் என்னைப் பார்க்கிறாள்.

இனி ஒரு வரி எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. அதுவும் நன்றாக வந்துவிட்டால்? நீங்கள் அவளுக்கு ஏதாவது சொல்லுங்கள். சீக்கிரம். ரோட்டில் அவன் கூட்டாளிகள் ஹாரன் அடிக்கிறார்கள்.